கோபுரத்தை விடுங்கள், மைல்கல்லைப் பாருங்கள்: ஒரு வீடியோ எங்கே எடுத்தது என்று கண்டுபிடிக்கும் வழி

மதுரையில் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு சாயங்காலம் 17 விநாடி வீடியோ ஒன்று வந்து விழுந்தது. ஓடும் காருக்குள்ளிருந்து எடுத்தது. சாலையின் குறுக்கே பழுப்பாக ஏதோ ஒன்று பாய்ந்து முள்ளுக்குள் மறைகிறது. பின்னால் மொட்டைப் பாறையாக ஒரு மலை. ‘யானைமலை அடிவாரத்தில் சிறுத்தை! ஒத்தக்கடை, நரசிங்கம் பக்கம் இருக்கிறவங்க உஷார்’ என்று கீழே எழுதியிருந்தது. அரை மணி நேரத்தில், டியூஷனுக்குப் போன பிள்ளைகளைக் கூட்டிவர நாலு வண்டி கிளம்பிவிட்டது.

நான் கல்யாண வீடியோ எடிட்டிங் பார்த்துப் பிழைக்கிறவன். ஒரு ஃபிரேமை நிறுத்திவைத்து உற்றுப் பார்ப்பதே என் தொழில். அன்று ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன்; பதினோரு மணிக்குள் இடம் பிடிபட்டது. யானைமலை இல்லை. அன்றிலிருந்து தெருவில் யாருக்கு எந்த வீடியோ வந்தாலும் ‘அண்ணே, இது எங்குட்டுன்னு கொஞ்சம் பாருங்க’ என்று என்னிடம் வருகிறார்கள். ஆளாளுக்குச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். மதுரையையும் சுற்றுவட்டாரத்தையும் வைத்தே சொல்கிறேன். முறை எந்த ஊருக்கும் ஒன்றுதான். எண்களும் மலைகளும் மட்டும் மாறும்.

புதிதாக இதில் இறங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பெரிய அடையாளத்தைப் பார்த்தவுடன் முடிவுகட்டிவிடுவார்கள். கோபுரம் தெரிந்தால் மீனாட்சி கோயில், மொட்டைப் பாறை தெரிந்தால் யானைமலை. மேலூரிலிருந்து நத்தம் வரைக்கும் மொட்டைப் பாறைக்குப் பஞ்சமே இல்லை. இடத்தைக் காட்டிக்கொடுப்பது எடுத்தவன் கவனிக்காமல் உள்ளே விட்ட பொருள்: மைல்கல், டிரான்ஸ்பார்மர், மேல்நிலைத் தொட்டி, கடை போர்டின் கடைசி வரி.

முதலில் நல்ல பிரதி

வாட்ஸ்அப்பில் கைமாறிக் கைமாறி வந்த வீடியோ கஞ்சி வடித்த தண்ணீர் மாதிரி. ஒவ்வொரு தடவை இறக்கி மறுபடி ஏற்றும்போதும் தெளிவு குறையும். செல்போன் பதிந்துவைத்த இடக்குறிப்பு, நேரக்குறிப்பு எல்லாம் வழியிலேயே உதிர்ந்துபோகும். அதனால் அனுப்பியவரிடம் ‘உங்களுக்கு யார் அனுப்பினது?’ என்று கேட்டு ஒரு படி மேலே போகப் பாருங்கள். எடுத்தவரே கிடைத்தால், டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அசல் கோப்பு அப்படியே வரும்.

கிடைக்காவிட்டால், வீடியோவிலிருந்து தெளிவான நாலைந்து படங்களை எடுத்து கூகுள் லென்ஸிலும், அதே மாதிரி படத்தை வைத்துத் தேடுகிற ரஷ்யத் தளமான யாண்டெக்ஸிலும் போட்டுத் தேடுங்கள். ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும். தேடுவது இடத்துக்காக மட்டும் இல்லை. இதே வீடியோ இன்னும் நீளமாக, இன்னும் பழைய தேதியில் எங்காவது இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஃபார்வர்டு பண்ணுகிறவர்கள் முதலில் வெட்டி எறிவது இடம் தெரிகிற பகுதியைத்தான். பல தடவை வேலை இங்கேயே முடிந்துவிடும்.

கணினியில் விஎல்சி ப்ளேயர் இருந்தால் ஆங்கில ‘ஈ’ பொத்தானை அழுத்த அழுத்த ஒவ்வொரு ஃபிரேமாக நகரும். யூடியூபில் நிறுத்திவைத்துக் கமா, முற்றுப்புள்ளி பொத்தான்களை அழுத்தினால் முன்னும் பின்னும் அதே மாதிரி போகும். கேமரா பக்கவாட்டில் திரும்புகிற இடம் இருந்தால் அதுதான் புதையல். அந்த ஃபிரேம்களை வரிசையாக ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடி மாதிரி இடவலம் மாற்றிப் போட்ட வீடியோக்களும் நிறைய உலவுகின்றன. எழுத்து தெரிந்தால் உடனே தெரிந்துவிடும். எழுத்தே இல்லாவிட்டால் சேலை முந்தானை எந்தத் தோளில் என்று பாருங்கள். நம் ஊரில் இடது தோள். பைக்கின் சைலன்சர் பெரும்பாலும் வலது பக்கம். பந்தியில் எல்லாரும் இடது கையால் சாம்பார் சாதம் பிசைந்தால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிப் போட்டுவிட்டுத் தொடருங்கள். போர்டுகளில் உள்ள தமிழ் எழுத்து கிறுக்கலாக, பாதி எழுத்து தமிழ் பாதி எதுவோ என்று இருந்தால் அது கம்ப்யூட்டர் வரைந்த வீடியோவாக இருக்கலாம். அதற்கு இடமே கிடையாது.

தேடுவதற்கு முன்னால் எழுதுங்கள்

ஒரு தாளில், தெரிகிற எல்லாவற்றையும் எழுதுங்கள். ஊகம் எழுதாதீர்கள். ‘யானைமலை’ என்று எழுதக்கூடாது; ‘மரமில்லாத ஒற்றைப் பாறை, இடது பக்கம் சரிவு, வலது பக்கம் ஒரு பள்ளம்’ என்று எழுத வேண்டும். ஒரு தடவை சத்தத்தை அணைத்துப் பாருங்கள், ஒரு தடவை கண்ணை மூடிக் கேளுங்கள். எங்கள் சிறுத்தை வீடியோவில் நான் எழுதியது இவ்வளவுதான்: இரு வழிச் சாலை, நடுவில் தடுப்பு இல்லை. பச்சைத் தலை மைல்கல், ‘நத்தம்’ என்ற எழுத்தும் 6 மாதிரி ஒரு எண்ணும். காரின் நிழல் முன்னால் நீண்டு கிடக்கிறது. ஒரு சுவர் விளம்பரம், அதில் தொலைபேசி எண். எதிரே வந்த பைக்கின் எண் பாதி. வரிசையாக நடக்கிற மாடுகள். கல்லுக்கு அப்பால் இடது பக்கம் ஒரு வளைவு. மலை. இதை வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்; நீங்களே எங்கே என்று பிடித்துவிடலாம்.

எழுத்து

கடை போர்டில் பெயரைத்தான் எல்லாரும் படிப்பார்கள். ‘ஸ்ரீ முருகன் ஸ்டோர்ஸ்’ ஊருக்குப் பத்து இருக்கும். கீழே சின்னதாக இருக்கிற எண்களைப் படியுங்கள். லேண்ட்லைன் எண்ணின் முன்கோடு மதுரைக்கு 0452, திண்டுக்கல்லுக்கு 0451, திருமங்கலத்துக்கு 04549, உசிலம்பட்டிக்கு 04552, நத்தத்துக்கு 04544, தேனிக்கு 04546, விருதுநகருக்கு 04562. கடைக்காரர் லேண்ட்லைனை எடுத்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். போர்டில் எண் அப்படியே நிற்கும். நமக்கு அது போதும்.

பின்கோடில் முதல் மூன்று இலக்கம் பாருங்கள். 625 என்றால் மதுரை, ஆனால் தேனியும் 625தான், ஏமாந்துவிடாதீர்கள். 624 திண்டுக்கல், 626 விருதுநகர், 623 ராமநாதபுரம், 630 சிவகங்கை, காரைக்குடி பக்கம். ஜிஎஸ்டி எண் 33 என்று ஆரம்பித்தால் தமிழ்நாடு. தவிர அந்த எண்ணே 2017 ஜூலை 1க்குப் பிறகுதான் வந்தது என்பதால், அந்த போர்டு தெரிகிற வீடியோ அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. ஒரே வரியில் இடமும் காலமும்!

மதுரைக்காரர்களுக்கு ஆண்டவன் கொடுத்த வரம் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி, காதணி விழா, பூப்புனித நீராட்டு விழா, மொய் விருந்து என்று எதுவாக இருந்தாலும் அதில் தேதி இருக்கும், மண்டபத்தின் பெயர் இருக்கும், ‘இவண்’ போட்டுத் தெருவின் பெயரும் இருக்கும். ஒட்டி ஒரு வாரத்தில் அதன் மேலேயே அடுத்தது ஏறிவிடும். ஆகவே கிழியாத போஸ்டரின் தேதி, வீடியோவின் தேதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பாதி எழுத்து மட்டும் தெரிந்தாலும் விடாதீர்கள். ‘…ட்டி கிளை’ என்று முடிந்தால் உசிலம்பட்டியும் வாடிப்பட்டியும் கொட்டாம்பட்டியும் பட்டியலில் வரும், மேலூர் வராது.

வண்டிகள்

மதுரை தெற்கு டி.என். 58, வடக்கு 59, மத்தி 64. சுற்றிலும் திண்டுக்கல் 57, தேனி 60, சிவகங்கை 63, ராமநாதபுரம் 65, விருதுநகர் 67. ஒரு வண்டியை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வண்டிக்குக் கால் உண்டு, வாங்கின இடம் ஒன்று, ஓடுகிற இடம் ஒன்று. நின்றிருக்கிற டூவீலர்களில் பத்துக்கு ஏழு ஒரே எண் என்றால்தான் அது சாட்சி. ஊர்ச் சந்தைக்கு வெளியே நிற்கிற டிவிஎஸ் எக்ஸெல் கூட்டம் பொய் சொல்லாது, சுற்றுலாப் பேருந்து சொல்லும்.

அரசுப் பேருந்தின் பதிவெண்ணில் ஊர் எண்ணுக்கு அடுத்து ‘என்’ எழுத்து வரும். அதைவிட உபயோகமானது முகப்பில் உள்ள ஊர்ப் பெயர். ‘பெரியார்’ (பெரியார் பஸ் ஸ்டாண்டு) என்று எண்ணோடு போட்டிருந்தால் மதுரை டவுன் பஸ், சந்தேகமில்லை. தேனி, திண்டுக்கல், கோவை வண்டிகள் ஆரப்பாளையத்திலிருந்தும், மேலூர், திருச்சி, ராமநாதபுரம், திருநெல்வேலி வண்டிகள் மாட்டுத்தாவணியிலிருந்தும் கிளம்புகின்றன. அதனால் எந்த ஊர் பஸ் கடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் ஊருக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதும் பாதி தெரிந்த மாதிரி. ரொம்பப் பழைய வீடியோவில் பஸ்ஸின் மேல் ‘பாண்டியன்’ என்று எழுதியிருந்தால் 1990களிலோ அதற்கு முன்போ எடுத்ததாக இருக்கும். அப்போது மதுரை அரசுப் பேருந்துக் கழகத்தின் பெயர் அது.

கல்

இந்த வித்தையில் எனக்கு மிகவும் பிடித்த சாட்சி மைல்கல். கிலோமீட்டர் கல்லானாலும் நம் வாயில் மைல்கல்தான். தலை மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கறுப்பு, நீலம், வெள்ளை எல்லாம் நகர, மாவட்டச் சாலைகள். செம்மஞ்சள் கிராமச் சாலை. ஒரு ஃபிரேமில் மங்கலாக நிறம் மட்டும் தெரிந்தாலே முக்கால்வாசிச் சாலைகள் கழிந்துவிடும்.

மதுரையைச் சுற்றி வடக்கே திண்டுக்கல்லுக்கும் தெற்கே திருமங்கலம் வழியாகக் கன்னியாகுமரிக்கும் போவது 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை, மேலூர் வழியாகத் திருச்சிக்கும் மறுபக்கம் தூத்துக்குடிக்கும் போவது 38, தேனி மூணாறு கொச்சிக்கும் சிவகங்கை தொண்டிக்கும் போவது 85, நத்தம் வழியாகத் துவரங்குறிச்சிக்குப் போவது 785. இவற்றில் பல ஒரு காலத்தில் வேறு எண்ணில் இருந்தவை. 44 என்பது பழைய 7, 85இல் கொச்சியிலிருந்து மதுரை வரை உள்ளது பழைய 49. பழைய வீடியோவில் பழைய எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அது காலத்தைக் காட்டும் சாட்சி.

கல்லில் ஊரும் தூரமும் படிக்க முடிந்தால், வரைபடத்தில் அந்த ஊரிலிருந்து கிளம்புகிற ஒவ்வொரு சாலையிலும் அத்தனை கிலோமீட்டர் அளந்து ஒரு புள்ளி வையுங்கள். நாலு சாலை என்றால் நாலு புள்ளி. அப்புறம் நாலையும் ஒவ்வொன்றாகக் கழிக்கிற வேலைதான். ரயில்வே ஸ்டேஷன் மஞ்சள் பலகை தெரிந்தால் இன்னும் சுகம். பெயர் மறைந்திருந்தாலும் ஓரத்தில் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பது தெரிந்தாலும் போதும்.

மலையும் கோபுரமும்: கோடு பிடிப்பது

இதுதான் மைய வித்தை, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மலை எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதை நம்பாதீர்கள். ஜூம் போட்டால் பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மலையும் மொட்டை மாடிக்குப் பின்னால் வந்து உட்காரும். எது எதன் பின்னால் இருக்கிறது என்ற வரிசையை நம்புங்கள், அது ஜூமில் மாறாது. படத்தில் ஒரு மேல்நிலைத் தொட்டிக்கு நேர் பின்னால் மலை முகட்டின் பள்ளம் தெரிகிறது என்றால், பள்ளம், தொட்டி, கேமரா மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. வரைபடத்தில் பள்ளத்தையும் தொட்டியையும் இணைத்து ஒரு கோடு போட்டு, தொட்டியைத் தாண்டி நீட்டுங்கள். எடுத்தவர் அந்தக் கோட்டில் எங்கோ நின்றிருக்கிறார். இன்னொரு ஜோடி கிடைத்தால் இன்னொரு கோடு. ஒரு செல்போன் டவரும் பள்ளிவாசல் மினாராவும் ஒன்றன்பின் ஒன்றாகத் தெரிந்தால் அதுவும் ஜோடிதான். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் ஒரு மாடி இருக்கும். மூன்றாவது கோடும் அதே மாடியில் போய் விழுந்தால் சட்டையைக் கழற்றிவிட்டுத் தூங்கப் போகலாம்.

மீனாட்சி கோயிலுக்கு 14 கோபுரங்கள். வெளிச்சுற்றில் திசைக்கு ஒன்றாக நிற்கிற நாலும் நமக்குத் திசைகாட்டி. உயரமானது தெற்குக் கோபுரம், ஏறத்தாழ 52 மீட்டர். சுதைச் சிற்பம் குறைவாக இருப்பது வடக்கே உள்ள மொட்டைக் கோபுரம். மொட்டைக் கோபுரம் முன்னால் நின்று தெற்குக் கோபுரத்தை மறைத்தால் எடுத்தவர் நேர் வடக்கே இருக்கிறார். இரண்டும் விலகித் தெரிந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்பதை வைத்து வடக்கு மாசி வீதி மாடியா, யானைக்கல் மாடியா என்று நெருங்கலாம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிகள் சதுரம் சதுரமாகச் சுற்றியிருப்பதால், கோபுரம் தெருவின் முனையில் நேராகத் தெரிகிறதா சாய்ந்து தெரிகிறதா என்பதே தெருவைச் சொல்லிவிடும். குடமுழுக்குத் திருப்பணி சமயத்தில் கோபுரங்களைச் சாரம் கட்டி மூடிவிடுவார்கள். 2009 ஏப்ரலில் குடமுழுக்கு நடந்தது. அதற்கு முந்தைய திருப்பணிக் காலத்துப் படங்களில் கோபுரம் கீற்று மூடிய கூடாகத் தெரியும்.

சுற்றியுள்ள மலைகளுக்கும் முகமும் முதுகும் உண்டு. திருப்பரங்குன்றத்தில் கோயில் மலையின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிறது. கோபுரத்துக்குப் பின்னால் மலை என்றால் கேமரா தெற்கே பார்க்கிறது. அழகர்கோயிலில் நேர்மாறு, மலை கோயிலுக்கு வடக்கே. நாகமலை மேற்கே நீண்டு கிடக்கிற முதுகெலும்பு. சமண மலை அதற்குத் தெற்கே கீழக்குயில்குடியில் தனியாக நிற்கிறது. யானைமலை நீளமான ஒற்றைப் பாறை என்பதால் பக்கவாட்டில் பார்த்தால் படுத்த யானை, முனையிலிருந்து பார்த்தால் வெறும் குவிந்த மொட்டை. ஒரே மலைக்கு இரண்டு உருவம் என்பதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிறது.

வைகை தெரிந்தால் தண்ணீர் ஓடுகிற திசையைப் பாருங்கள். ஊருக்குள் அது மேற்கிலிருந்து கிழக்கே போகிறது. கோரிப்பாளையம் வடகரை, சிம்மக்கல், யானைக்கல் தென்கரை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கோபுரம் என்றால் நீங்கள் வடகரையில் நின்று தெற்கே பார்க்கிறீர்கள்; தண்ணீர் உங்களுக்கு வலமிருந்து இடமாக ஓட வேண்டும். இடமிருந்து வலமாக ஓடினால் வீடியோவைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், அல்லது ஆறு வைகை இல்லை.

நிழல்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய பாடங்களில் ‘நண்பகல் நிழல் வடக்கே விழும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார்கள். மதுரையில் அது எல்லா மாதமும் செல்லாது. நாம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறோம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும். இடைப்பட்ட நாலு மாதமும் உச்சிக்கு வடக்கே நகர்ந்துவிடும். அந்த மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். சித்திரைத் திருவிழா வீடியோவில் இதை மறந்தால் தெருவையே தலைகீழாகக் கண்டுபிடிப்பீர்கள். நானே ஒரு தடவை கீழமாசி வீதியை மேலமாசி வீதி என்று அடித்துச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

நம் கடிகாரம் 12 காட்டும்போது மதுரையில் உச்சி இல்லை என்பதும் நினைவிருக்கட்டும். நவம்பர் தொடக்கத்தில் 12 மணியை ஒட்டி வரும் உச்சி, பிப்ரவரி நடுவில் 12.30ஐத் தாண்டிவிடும். டிசம்பர் கடைசியில்கூட, நண்பகலில் ஆளின் நிழல் ஆளின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாது. ‘மதுரையில் மதியம் 12 மணிக்கு நடந்தது’ என்று வருகிற வீடியோவில் ஆளைவிட நீளமாக நிழல் கிடந்தால், ஊரும் நேரமும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது.

காலை, மாலை நிழல்தான் சுலபம். காலையில் மேற்கே, மாலையில் கிழக்கே. ஆனி மாதம் சூரியன் மேற்கிலிருந்து சுமார் 24 பாகை வடக்கே தள்ளி மறையும், மார்கழியில் அதே அளவு தெற்கே. இந்த விலகலை மனசில் வைத்துக்கொண்டால் போதும். துல்லியம் வேண்டும் என்றால் சன்கால்க் தளத்தில் இடத்தையும் தேதியையும் கொடுத்தால் மணிவாரியாகக் கோடு போட்டுக் காட்டும்.

மண்ணும் பேச்சும் துணைச் சாட்சி மட்டுமே. திருமங்கலம், கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல், மேலூர்ப் பக்கம் செம்மண்ணும் வெட்டிய கிரானைட் பாறையும், சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்கால், மானாமதுரையைத் தாண்டினால் சீமைக்கருவேலம். ‘வந்தாய்ங்க, போனாய்ங்க, இங்குட்டு’ என்று காதில் விழுந்தால் நம்மவர்தான். ஆனால் திருப்பூரில் வேலை பார்க்கிற நம்மவரும் அப்படித்தான் பேசுவார்.

வரைபடத்தில் உட்காருவது

கூகுள் எர்த் ப்ரோவைக் கணினியில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். அதில் பழைய செயற்கைக்கோள் படங்களை வருஷவாரியாகப் புரட்டிப் பார்க்கிற வசதி ஒன்று போதும், மீதி எல்லாம் உபரி. நத்தம் சாலையின் 7 கிலோமீட்டருக்கு மேல் நீண்ட பறக்கும் பாலம் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அந்தச் சாலையில் எடுத்த வீடியோவில் தூண்கள் இருந்து மேல்தளம் இல்லை என்றால் அதற்கு முந்தைய சில வருஷங்களுக்குள் அடங்கிவிடும். கலைஞர் நூற்றாண்டு நூலகக் கட்டடம் முழுசாக விளக்கு போட்டு நின்றால் 2023 ஜூலைக்குப் பிறகு. வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடினால் வீடியோ பழசு. சில வருஷமாக அதில் தண்ணீர் நிற்கிறது.

கூகுள் எர்த்தில் மலையைச் சாய்த்துத் தரைமட்டத்திலிருந்து பார்க்கலாம். கொடைக்கானல் மலைக்கு அது சரி. யானைமலை மாதிரிச் சின்னப் பாறைகள் அதில் உருகின மெழுகு மாதிரி இருக்கும். அந்த உருவத்தை வைத்து ‘இது இல்லை’ என்று தள்ளிவிடாதீர்கள். சின்ன மலைகளுக்கு, வரைபடத்தில் ஆட்கள் ஏற்றியிருக்கிற போட்டோக்களே மேல். கோயில், கல்யாண மண்டபம், பரோட்டா கடை என்று ஏதாவது ஒன்றைத் தட்டினால் பின்னணியில் அதே மலை நிற்கும். ஆட்களே சேர்ந்து வரைகிற இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், ஓவர்பாஸ் டர்போ என்ற தேடல் தளம் வழியாக ‘ரயில் பாதையிலிருந்து 200 மீட்டருக்குள் இருக்கிற தண்ணீர்த் தொட்டிகள்’ என்று கேள்வி கேட்கலாம். ஊருக்குள் பலன் உண்டு. கிராமப் பக்கம் தொட்டிகளை யாரும் அதில் பதிந்திருக்க மாட்டார்கள் என்பதால் நான் அதிகம் போவதில்லை.

திருவிழா வீடியோக்களுக்குத் தனி எச்சரிக்கை. தை முதல் நாள் அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு வரிசை. ஒவ்வொரு வருஷமும் போன வருஷத்து மாடு இந்த வருஷத்துக்கு ஓடிவரும். பாலமேட்டில் மஞ்சமலை ஆற்றுத் திடல், அவனியாபுரத்தில் இரு பக்கமும் வீடுகள், அலங்காநல்லூர் பக்கத்துக் கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறந்த பெரிய அரங்கம். களத்தின் ஓரத்தைப் பார்த்தாலே ஊர் தெரியும், மாட்டைப் பார்த்தால் தெரியாது. அழகர் ஆற்றில் இறங்குகிற கூட்டத்தைக் காட்டி 2020 என்றோ 2021 என்றோ போட்டிருந்தால் பொய். அந்த இரண்டு வருஷமும் கொரோனாவால் ஆற்றில் வைபவம் நடக்கவில்லை.

இடம் கிடைத்துவிட்டது என்று தோன்றியதும் நிறுத்தி, ‘இது தப்பு’ என்று நிரூபிக்க ஒரு கால் மணி நேரம் முயலுங்கள். வீடியோவில் இருந்து அங்கே இல்லாதது ஒன்றாவது உண்டா? மின்கம்பம் எந்தப் பக்கம்? வளைவு எந்தப் பக்கம்? ஒத்துப்போகிற ஒன்பது விஷயத்தைவிட ஒத்துப்போகாத ஒன்றுக்குத்தான் மதிப்பு அதிகம்.

யாருடைய வீட்டையும் இப்படித் தேடித் தரமாட்டேன். ஒரு பையன் ஒரு பெண் பிள்ளையின் ரீல்ஸைக் கொண்டுவந்து ‘ஜன்னல்ல தெரியுற தொட்டிய வச்சு எந்தத் தெருன்னு சொல்லுங்கண்ணே’ என்றான். டீ வாங்கிக் கொடுத்து, அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

சிறுத்தை

இப்போது தாளுக்கு வருவோம். முதல் அடியே இரு வழிச் சாலை. ஒத்தக்கடையை ஒட்டிப் போகிற மேலூர்ச் சாலை நாலு வழி, நடுவில் தடுப்பு. யானைமலையைச் சுற்றி உள்ளே போகிற சாலைகள் இருக்கின்றன, அதனால் இது மட்டும் போதாது. சுவர் விளம்பர எண் 04544 என்று ஆரம்பித்தது: நத்தம். எதிரே வந்த பைக் 57, திண்டுக்கல். நத்தம் அந்த மாவட்டம்தான். கல்லில் இருந்த எழுத்தும் நத்தம்.

கல்லின் எண் 6 தானா என்று அடுத்தடுத்த நாலு ஃபிரேமை ஒன்றன்மேல் ஒன்று போட்டுப் பார்த்ததில் 6 என்பது உறுதியானது. நத்தத்திலிருந்து ஆறு கிலோமீட்டரில் ஒவ்வொரு சாலையிலும் புள்ளி வைத்தேன். கல் பச்சை. தேசிய நெடுஞ்சாலை என்றால் மஞ்சள் இருக்க வேண்டும். ஆனால் கல்லுக்கு வர்ணம் மாற்றாமல் பழசாகவே விட்டிருக்கவும் வாய்ப்புண்டு என்பதால் நிறத்தை மட்டும் வைத்து எந்தச் சாலையையும் அடிக்கவில்லை. முக்கியமானவை நாலு: மதுரைச் சாலை, துவரங்குறிச்சிச் சாலை, திண்டுக்கல் சாலை, சிங்கம்புணரி சாலை.

இங்கே நிழல் கை கொடுத்தது. சாயங்காலம், காரின் நிழல் காருக்கு முன்னால் நீண்டு கிடக்கிறது. அப்படியானால் கார் கிழக்கே போகிறது. கல் காட்டுகிற ஊர் நத்தம், ஆகவே நத்தத்தை நோக்கிப் போகிறது. சிங்கம்புணரி நத்தத்துக்குக் கிழக்கே. அங்கிருந்து வருகிற காருக்குச் சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். திண்டுக்கல் மேற்கே, அங்கிருந்து வருகிற காருக்குத்தான் நிழல் முன்னால் விழும். மதுரையிலிருந்து வந்தால் கார் வடக்கே போகும், நிழல் வலது பக்கம் சாயும். துவரங்குறிச்சிக் காருக்கு நிழல் முன்னால் வராது. சாயங்காலம் என்பதை எப்படிச் சொன்னேன் என்றால், பின்னணியில் மாடுகள் தொழுவத்தைப் பார்த்து வரிசையாக நடந்துகொண்டிருந்தன, கழுத்தில் கயிறு சுற்றி. காலையில் மேயப் போகும்போதும் அப்படித்தான் நடக்கும் என்று என் வீட்டம்மா மறித்தார். நியாயம்தான். அதனால் இன்னொரு தடவை சத்தத்தைக் கேட்டேன். கார் ரேடியோவில் மாலைச் செய்தி என்று தெளிவாக விழுந்தது.

திண்டுக்கல் சாலைப் புள்ளியில் போய்ப் பக்கத்துக் கோயில் ஒன்றின் போட்டோக்களைத் திறந்தேன். அதே மலை, வலது பக்கம் அதே பள்ளம். செயற்கைக்கோள் படத்தில் கல்லுக்கு அப்பால் வளைவும் இடது பக்கமே இருந்தது. பிறகு ‘நத்தம் சிறுத்தை’ என்று தேடினால், இதே வீடியோ இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியில், 40 விநாடி நீளத்தில் கிடைத்தது.

எல்லாப் படங்களையும் வட்டம் போட்டுக் குழுவில் அனுப்பினேன். இது யானைமலை இல்லை, நத்தம் திண்டுக்கல் சாலை, அதுவும் பழசு என்று எழுதினேன். பதினைந்து பேர் கும்பிடு போட்டார்கள். பதினாறாவது ஆள், கீழ்வீட்டு மாமா, வீடியோவை நத்தத்தில் இருக்கிற தன் சம்பந்திக்கு அனுப்பிவிட்டுத் தகவல் சொன்னார்: “மாப்ள, நத்தத்துல சொல்லிட்டேன். உஷாரா இருக்கச் சொல்லிருக்கேன்.”